பாலிஷ் போட்டது ரெஜினா அக்கா

போன் வந்தபோது நான் மலைமேல் இருந்தேன். ஜமுனாமரத்தூரில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, சிக்னல் கிடைக்கிற மேட்டில் வண்டியை ஓரங்கட்டி டீ குடித்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டவன் எங்கள் ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் குமார்.

"வேடி, சேதி தெரியுமா? பாலிஷ் கடை அந்தோணி அண்ணன் சம்சாரம் தவறிட்டாங்களாம்" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தோணி அண்ணன் சம்சாரம் என்று ஒருவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் ரெஜினா அக்கா. இரண்டு பேரும் ஒருவர்தான் என்று மண்டையில் ஏறுவதற்குள் கையில் இருந்த டீ ஆறிவிட்டது. ஏறியதும் அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அதோடுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் டிரைவர் சங்கத்து மலருக்காக அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலூர்ப் பக்கம் இருந்து ஜவ்வாது மலைக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள், திரும்பும்போது போளூர் தாண்டி எங்கள் சந்தவாசல் வழியாகத்தான் போக வேண்டும். மலைரோடு குறுகல். எதிரே பஸ் வந்தால் கார்க்காரர் புதருக்குள் ஒதுங்க வேண்டும். புதர் என்றால் உண்ணிச்செடி. அதன் முள், முன் கதவில் ஆரம்பித்துப் பின் கதவு வரைக்கும் கோடு போட்டுவிடும். மேலே இருக்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. சந்தவாசலில் டீ குடிக்க இறங்கும்போதுதான் பார்ப்பார்கள். பார்த்ததும் பெண்டாட்டியைத் திட்டுவார்கள், பஸ் டிரைவரைத் திட்டுவார்கள், ஆடு மேய்க்கிறவன் குச்சியால் கிழித்துவிட்டான் என்பார்கள். டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. மேலே 'அந்தோணி கார் பாலிஷ்' என்று போர்டு. உள்ளே விட்டால் சாயங்காலத்துக்குள் கோடு போய்விடும்.

அந்தக் கோட்டை எடுத்த கை ரெஜினா அக்காவுடையது.

அன்றைக்குக் காலையில் கொட்டகையைத் திறக்க வந்த அக்கா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்திருக்கவில்லை. நான் மலையிறங்கி வந்து சேர்வதற்குள் டீக்கடைச் சுவரில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படத்தில் இருந்து அக்காவின் முகத்தை மட்டும் வெட்டி வைத்திருந்தார்கள். கீழே, 'சந்தவாசல் புகழ்பெற்ற கார் பாலிஷ் நிபுணர் அந்தோணிசாமி அவர்களின் அன்பு மனைவி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ரெஜினா மேரி என்ற பெயர் அதற்கும் கீழே, பொடி எழுத்தில்.

போஸ்டர் அடித்தவர் இன்னாசி. அந்தோணி மாமாவுக்குத் தம்பி. அக்கா என்று கூப்பிட்டதால் அவர் வீட்டுக்காரர் எனக்கு மாமா ஆனார், அவ்வளவுதான் உறவு. சாவு வீட்டு வாசலிலேயே இன்னாசியைப் பிடித்தேன்.

"இன்னாண்ணே, அக்கா இன்னா வேல செஞ்சாங்கன்னு ஒரு வார்த்த காணோமே?"

"பொம்பளைக்கு இன்னாய்யா வேல போடறது? குடும்பத் தலைவின்னு போடச் சொன்னேன். எடம் பத்தலன்னுட்டான்."

"நிபுணருக்கு மட்டும் எடம் பத்திச்சா?"

"சாவு வூட்டாண்ட வந்து நாயம் பேசாத வேடி. போய் மாலைய போடு."

மாலையைப் போட்டேன். நியாயத்தை இங்கே பேசுகிறேன்.

அக்கா பிறந்தது கலசப்பாக்கம் பக்கம். கட்டிக்கொடுத்தது சந்தவாசல். மாமா லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகில் அடிபட்டு லாரி ஏற முடியாமல் போன பிறகு, பிழைப்புக்காக இரண்டு பேரும் கொஞ்ச காலம் வேலூரில் இருந்தார்கள். அங்கே காருக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு பட்டறையில் அக்காவுக்குப் பெருக்குகிற வேலை கிடைத்தது. பெருக்கிக்கொண்டே பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார். ஆள் வராத ஒரு நாளில் பாலிஷ் மெஷினைக் கையில் எடுத்தார். சும்மா இருக்கத் தெரியாதவர். பட்டறைக்காரரே, "நீ இங்க பெருக்கறத வுட்டுட்டு இத்தயே பண்ணு" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. ஊர் திரும்பியதும் கொட்டகை போட்டார்.

கொட்டகை போட்டு என்ன செய்ய? கார் வந்து நிற்கும். இறங்குகிறவர் அக்காவைப் பார்ப்பார். "ஆள் இல்லையாம்மா?" என்பார். "நான்தான் ஆளு" என்று அக்கா சொன்னதும், "அப்புறமா வர்றேம்மா" என்று வண்டியை எடுத்துவிடுவார். பொம்பளை சமைத்துப்போட்டால் தின்பார்களாம். அவள் பெற்றுப்போட்ட பிள்ளையைக் கொஞ்சுவார்களாம். காரைத் தொட்டால் மட்டும் கார் கெட்டுவிடுமாம். இவர்களுடைய கார் என்ன, வானத்தில் இருந்து விழுந்ததா?

அக்கா ஒரு ஏற்பாடு செய்தார். மாமாவுக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, கொட்டகை வாசலில் சேர் போட்டு உட்கார வைத்தார். பின்பக்கம் ஒரு நீலத் தார்ப்பாய். தூசு படாமல் இருக்கத்தான் அது என்று சொல்லிக்கொள்வார். தூசுக்கும்தான், வெயிலுக்கும்தான். வெயிலில் சுட்டுக்கிடக்கிற கார்மேல் பாலிஷ் போடக்கூடாது, தேய்க்கிற மருந்து காய்ந்து அப்பிக்கொள்ளும். ஆனால் அந்தத் தார்ப்பாய் மறைத்தது முக்கியமாக அக்காவை.

கார்க்காரர் வந்து கீறலைக் காட்டுவார். மாமா பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தடவிப் பார்ப்பார். அந்த நேரம் அக்கா துடைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து கீறல்மேல் நகத்தை ஓட்டிவிட்டுப் போவார். நகம் மாட்டாமல் வழுக்கினால் கீறல் மேலாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். பெயிண்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு, அதில் மட்டும் பட்டது. அது பாலிஷுக்குப் போய்விடும். நகம் மாட்டினால் உள்ளே இறங்கிவிட்டது, பெயிண்டர்தான் பார்க்க வேண்டும். முடியும் என்றால் அக்கா காதைச் சொறிவார். முடியாது என்றால் கையில் இருக்கும் துணியை உதறுவார். மாமா அதைப் பார்த்து வாயைத் திறப்பார். "வண்டிய வுட்டுட்டு போங்க சார், மதியானத்துக்கு மேல பண்ணி வெக்கறேன்." எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், மாமாவை.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நான் முதல்முதலாகச் சொந்த வண்டி வாங்கினேன். பழைய வண்டிதான், கருநீலம். மலையில் எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூசை போட்டோம். எங்கள் ஆட்கள் ஆசையாகப் பானெட் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டார்கள். சாமியே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. காய்ந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து நன்றாக அழுத்தித் துடைத்தேன். மலைரோட்டு மண்ணும் சேர்ந்திருந்ததை யார் பார்த்தார்கள்? கீழே வந்து வெயிலில் நிறுத்தினால், பானெட் முழுக்கச் சிலந்தி வலை கட்டின மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். நேராகக் கொட்டகைக்குப் போனேன்.

மாமா தடவினார். அக்கா வந்து பார்த்தார். காதைச் சொறிவதற்குப் பதில் வாயையே திறந்துவிட்டார்.

"இன்னாடா இது? சாமிக்கு படைச்சியா, இல்ல தேங்கா நாரு வெச்சி தேச்சியா?"

"துண்டாலதான்கா தொடச்சேன்."

"காஞ்ச துண்டா?"

"ஆமா."

"உன் மூஞ்சில மண்ண பூசி நான் காஞ்ச துண்டால தொடைக்கட்டா?"

அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. மாமா வழக்கம்போல வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் போகிற ஆளா? டீக்கடைக்குப் போகிற மாதிரி போக்குக்காட்டிவிட்டு, பின்பக்கமாக வந்து தார்ப்பாயைத் தூக்கினேன். உள்ளே அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீர் ஒரு பக்கெட்டில், துணி அலச வேறு பக்கெட்டில். ஒரு மண் துகள் மிச்சம் இருந்தாலும் அதுவே புதுக் கீறல் போடும் என்பதால் கழுவுவதிலேயே பாதி நேரம் போகும். அப்புறம் மெஷினில் மாட்டின பஞ்சு வில்லையில் பயறு அளவு மருந்தைத் தொட்டு, அதை ஓடவிட்டு, ஓரிடத்தில் நிற்காமல் இழைத்துக்கொண்டே போனார். கொஞ்சம் போவார், துடைப்பார், டார்ச் அடித்துச் சாய்ந்து பார்ப்பார், மறுபடியும் கொஞ்சம். சிலந்தி வலை கண்ணெதிரே கரைந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் மெஷினை நிறுத்தவில்லை. "பாத்துட்டியா? பாத்தத பாத்துட்டு போ. வெளிய சொல்லாத."

நான் அன்றைக்கே ஸ்டாண்டில் சொன்னேன். ஒருத்தனும் நம்பவில்லை. நான் எப்போதும் எதையாவது சொல்லி ஆளைக் கிண்டலடிக்கிறவன். அதனால் இதையும் அந்தோணி அண்ணனைக் கிண்டலடிக்கிறேன் என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். போகப்போக ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. தெரிந்த பிறகாவது மாறினார்களா? 'அந்தோணி கடையில வண்டிய வுட்டிருக்கேன்' என்றுதான் சொன்னார்கள். அக்காவிடம் வாங்கித் தின்ற திட்டை மட்டும் அக்கா பேரில் சொல்வார்கள். வேலையை மாமா பேரில் சொல்வார்கள்.

திட்டு என்றால் சும்மா திட்டு இல்லை. வேலூரில் இருந்து வந்த ஒருவர், டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கோடு போகும் என்று எங்கேயோ பார்த்துவிட்டு, கதவு முழுக்கத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார். கதவு வெளுத்து மங்கிக் கிடந்தது. அக்கா கேட்டார், "ஏன் சார், உங்க கதவுக்கு பல்லு மொளச்சிருக்கா?" அந்த ஆள் மாமாவைப் பார்த்து, "உங்க வேலைக்காரம்மா ரொம்பப் பேசறாங்களே" என்றார். மாமா தலையைச் சொறிந்தார். 'அது வேலைக்காரம்மா இல்ல' என்று ஒரு சொல் அவர் வாயில் இருந்து வரவில்லை. அக்கா தார்ப்பாய்க்குப் பின்னால் போய் அந்தக் கதவைச் சரிசெய்து கொடுத்தார்.

மாமா நல்ல மனிதர். ஒரு எறும்புக்குக்கூடக் கெடுதல் செய்யமாட்டார். நல்லவர் என்பதற்காக எழுதாமல் விட முடியுமா? எல்லாரும் மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. ஒருமுறை அக்கா கலசப்பாக்கத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இன்னாசி புதுக் காரைக் கொண்டுவந்து, பானெட்டில் முடி மாதிரி ஒரு கீறல், உடனே எடுத்துக்கொடு என்று அவசரப்படுத்தினார். மாமா சட்டையை மடித்துவிட்டு மெஷினை எடுத்தார். எடுத்தவர் ஓரிடத்திலேயே வைத்து அழுத்தினார். சூடேறி மேல்பூச்சு எரிந்து, பெயிண்டும் கழன்று, உள்ளே இருக்கும் சாம்பல் நிறம் நிலா மாதிரி எட்டிப்பார்த்தது. திரும்பி வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். இன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. அந்த நிலாவை அவர் இன்றைக்கும் பானெட்டில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கண்ணுக்கு எதிரே தெரியும். அவர்தான் 'பாலிஷ் நிபுணர்' என்று அச்சடித்தவர். இதற்கு நான் கோபப்படாமல் வேறு யார் கோபப்படுவது?

அக்காவிடமே கேட்டிருக்கிறேன், உங்களுக்கு உறைக்கவில்லையா என்று. ஆரம்பத்தில், "பேரு அவருக்கு இருக்கட்டும்டா, காரு என்கிட்ட வந்தா சரி" என்று சிரித்தார். அதை அப்போது நானும் நம்பினேன்.

பிறகு எங்கள் டிரைவர் சங்கத்து விழா வந்தது. ஆமாம், இந்த மலரைப் போடுகிற இதே சங்கம்தான். உழைப்பாளிகளுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம் என்று மேடை போட்டார்கள். நான் கமிட்டியிடம் போய், அக்காவைக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். "வேடி, மேடையிலயும் உன் தமாஷ ஆரம்பிக்காத" என்றார்கள். மாமாவைக் கூப்பிட்டார்கள். போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். மாமா, "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பெண்கள் வரிசையில் இருந்து அக்கா கை தட்டினார்.

மறுநாள் என் வண்டிக்கு வேலை இருந்தது. அக்கா என்னைத் திட்டவே இல்லை. பயந்துபோனேன். துடைத்து முடித்துவிட்டு, துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"மைக்க குடுத்தப்ப ஒரு வார்த்த சொல்லுவாருன்னு நெனச்சேன்டா."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மாமாவிடம் கேட்டதும் இல்லை. கேட்டு வாங்குவதா அது?

அடக்கத்தன்று மாதா கோயிலில், கணவரின் தொழிலுக்கு உறுதுணையாக இருந்தவர் என்று பேசினார்கள். உறுதுணையாம். அவர் இல்லாவிட்டால் தொழிலே இல்லை. மெஷின் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கையில் ஜெபமாலையைச் சுற்றி வைத்திருந்தார்கள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அந்த வார்த்தையைக் கேட்டேன். அடக்கம் முடிந்ததும் அடுத்த சேதி வந்தது. கல்லறைக்குக் கல் வைக்கப்போகிறார்கள், அதிலும் 'பாலிஷ் நிபுணர் அந்தோணிசாமியின் மனைவி' என்று வெட்ட இன்னாசி சொல்லிவிட்டாராம். போஸ்டர் மழைக்குக் கிழிந்துவிடும். கல் கிழியாது. அக்கா போனபிறகும் அவரைத் தார்ப்பாய்க்குப் பின்னாலேயே நிற்கவைக்கிற வேலை அது.

கொட்டகைக்குப் போனேன். மாமா அதே சேரில் உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கிக் கிடந்தது.

"மாமா, கல்லுல இன்னா எழுதப் போறீங்க?"

"இன்னாசி பாத்துக்கறான்."

"அவரு பாத்துக்குனது போஸ்டர்லயே தெரிஞ்சிதே."

மாமா சேரின் கைப்பிடியைத் தட்டிக் காட்டினார். "அவதான்டா என்ன இங்க ஒக்கார வெச்சா" என்றார்.

"ஒக்கார வெச்சாங்க, சரி. எழுந்திரிக்கவே வேணாம்னு சொன்னாங்களா?"

நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதில் வருவதற்குள் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. மலையில் இருந்து இறங்கின வண்டி. பக்கவாட்டில் முழுக்க முள் கோடுகள். ஓட்டிவந்தவர் பழைய வாடிக்கை. நடந்தது தெரியாமல், சிரித்துக்கொண்டே வந்தார்.

"மாஸ்டர், போன தடவ நீங்க பண்ணது இன்னைக்கும் புதுசு மாதிரி கீது. இந்தப் பக்கமும் பாத்து வுடுங்க."

மாமா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காரிடம் போனார். கோட்டைத் தொடவில்லை.

"சார், அத்த பண்ணது நான் இல்ல" என்றார். "என் சம்சாரம் ரெஜினா பண்ணது. இங்க எல்லா வண்டியும் அவதான் பண்ணா. எனக்கு இந்த வேல தெரியாது. அவ செத்துட்டா."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். மாமா விளையாடுகிறாரோ என்று பார்த்திருப்பார். என் முகத்தில் விளையாட்டு இல்லை.

"அப்ப நீங்க?" என்று மாமாவிடம் கேட்டார்.

"நான் ஒக்காந்திருந்தேன் சார்."

அதற்குப் பிறகு மாமா அங்கே நிற்கவில்லை. ரோட்டைத் தாண்டி ஸ்டாண்டுக்குப் போனார். டீக்கடைக்குப் போனார். இன்னாசி வீட்டுக்கும் போனார். எல்லா இடத்திலும் அதே நாலு வார்த்தையை, திக்கித் திக்கிச் சொன்னார். கல்லில் மாமாவின் பெயர் வராது. 'ரெஜினா மேரி, கார் பாலிஷ் மாஸ்டர், சந்தவாசல்' என்று வெட்டச் சொல்லியாகிவிட்டது. இன்னாசி என்னோடு பேசுவதில்லை. நல்லதாகப் போயிற்று.

என் கோபம் மட்டும் போகவில்லை. இந்த நாலு வார்த்தையைச் சொல்ல ஒரு மேடை இருந்தது, கையில் மைக் இருந்தது, எதிரே அக்கா உட்கார்ந்திருந்தார். அப்போது சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அன்றைக்கு அந்தச் சிவப்புக் கார்க்காரர் கொஞ்ச நேரம் கொட்டகைக்குள் நின்று பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தார். கதவில் இருந்த கோடுகள் வெயிலில் பளிச்சென்று மின்ன, வண்டி வேலூர் ரோட்டில் போனது. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

அக்கா, மாமா சொல்லிவிட்டார். ஊரே கேட்டது, நீங்கள் மட்டும் கேட்கவில்லை. போய் வாருங்கள்.